138-க்கு 138: பேரவைச் சுவரில் ராஜாஜி படம் இருக்கலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி
2021 ஆகஸ்ட் 3, மாலை 6.15

நேற்று கோட்டையில் நடந்த சட்டப்பேரவை நூற்றாண்டு விழாவில் கலைஞர் படத்தைக் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்து வைத்தார். பேரவைச் சுவரில் இது 16-வது படம். என் கேள்வி புதுப் படத்தைப் பற்றியது அல்ல. குலக்கல்வித் திட்டம் கொண்டுவந்த ராஜாஜியின் படம் எதற்காக இன்னும் அங்கே தொங்குகிறது? நூற்றாண்டைச் சாக்காக வைத்தாவது அதை இறக்கியிருக்க வேண்டாமா?

ஆகஸ்ட் 3, இரவு 9.40

இறக்கத்தான் வேண்டும் என்று கல்லூரிக் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவன் நான். காரணம் என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் ஊர் லால்குடி பக்கம், கொள்ளிடக் கரை. குயவர் குடும்பம். அப்பா 1953-ல் நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் திறந்த அன்றே வாத்தியார் சொல்லிவிட்டாராம்: இனிமேல் அரை நாள்தான் பள்ளி, 3 மணி நேரம், மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். அப்பா காலை முறை. 11 மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து சிலேட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு, நேரே கொல்லைக்குப் போய் மண் மிதிக்க வேண்டும். கொளுத்தும் வெயிலில், ஈர மண்ணில், கணுக்கால் அளவுக்குக் கால் புதையப் புதைய மிதிப்பார். கல் ஒன்று தட்டுப்பட்டால் தாத்தா காதைத் திருகுவார். "வாத்தியாரே சொல்லிட்டாரு, கவர்மெண்டே சொல்லிடுச்சு, அப்புறம் என்னடா?" என்பாராம் தாத்தா. அப்பா இதைச் சொல்லும்போது இன்றைக்கும் காலைத் தேய்த்துக்கொள்வார்.

வக்கீல் பையன் வீட்டில் அரை நாள் சட்டப் புத்தகம் புரட்டுவான், குயவன் பையன் மண் மிதிப்பான். அதுதான் திட்டம். பட்டணத்துப் பள்ளிகளுக்கு அது கிடையாது, கிராமத்துப் பள்ளிகளுக்கு மட்டும்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திமுக அதைச் சட்டசபையில் ஒரே ஒரு ஓட்டில் தோற்கடித்தது. அதனால்தான் நான் இன்று இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

படம் வேண்டாம். என் வாக்கு அதற்குத்தான்.

ஆகஸ்ட் 3, இரவு 10.05

ஒன்றை விட்டுவிட்டேன். ராஜாஜி படம் பேரவையில் வைக்கப்பட்டது 1948-ல். நேரு வந்து திறந்தார். ராஜாஜி அப்போது உயிரோடு இருக்கிறார், தலைமை ஆளுநர் பதவியில் இருக்கிறார். கல்வித் திட்டம் வருவதற்கு 5 ஆண்டுகள் முன்பு. அதாவது 1953-ல் அவர் அந்தத் திட்டத்துக்காக வாதாடியபோது அவருடைய படம் ஏற்கெனவே பேரவைக்குச் சொந்தமாகிவிட்டது. உயிரோடிருப்பவருக்குப் படம் வைப்பதில் உள்ள சிக்கல் இதுதான். அடுத்து அவர் என்ன செய்யப்போகிறார் என்று யாருக்குத் தெரியும்?

ஆகஸ்ட் 4, காலை 7.20

முந்தைய பதிவில் தப்பு. திமுக தோற்கடித்தது என்று எழுதிவிட்டேன். கீழே ஒரு பெரியவர் சரியாகப் பிடித்துவிட்டார். 1952 தேர்தலில் திமுக போட்டியிடவே இல்லை. அவர்கள் முதன்முதலில் நின்றது 1957-ல், 15 பேர் ஜெயித்தார்கள். 1953 ஜூலையில் திமுக தெருவில் இருந்தது. மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை ராஜாஜி வீட்டுக்கு முன்னால், ஈ.வெ.கி. சம்பத் தலைமையில். இன்னொரு முனை எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, டால்மியாபுரம் ரயில் நிலையத்தில். கல்லக்குடி என்று பெயரை மாற்றச் சொல்லிக் கலைஞர் தண்டவாளத்தில் படுத்தது அங்கேதான். அப்பா அந்த ரயில் கதையையும் மண் மிதித்த கதையையும் ஒரே மூச்சில் சொல்வார். அதனால் சின்ன வயதிலிருந்தே என் மண்டையில் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன.

அவைக்குள் எதிர்த்து நின்றவர்கள் கம்யூனிஸ்டுகள், சுயேச்சைகள், சிறு கட்சிக்காரர்கள். காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு புகைந்துகொண்டிருந்தது. 375 பேர் கொண்ட அவையில் 1952-ல் காங்கிரஸுக்குக் கிடைத்ததே 152 இடம்தான் என்பதை மறக்கக் கூடாது.

ஆகஸ்ட் 4, இரவு 11.10

ஒரு ஓட்டு என்று எழுதியதும் தப்பு. பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு நூலகத்தில் 1953-ஆம் ஆண்டுப் பேரவை நடவடிக்கைத் தொகுதிகளைப் புரட்டிப் பென்சிலால் குறித்துக்கொண்டது. பக்கங்கள் பழுப்பேறி, ஓரம் தொட்டால் உதிரும். நூலகர் பக்கத்திலேயே நின்று "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் ஆங்கிலம். நடுவே தமிழ், தெலுங்கு.

ஜூலை 29. திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம்: ஆதரவு 138, எதிர்ப்பு 138. சமம். தீர்மானம் நிறைவேறவில்லை. அடுத்து, நிபுணர் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற தீர்மானம்: ஆதரவு 139, எதிர்ப்பு 137. இது நிறைவேறியது.

சபாநாயகர் நாற்காலியில் ஜெ. சிவசண்முகம் பிள்ளை. சென்னை மாநகரின் முதல் தலித் மேயராக இருந்தவர். யாருடைய பிள்ளைகள் எவ்வளவு நேரம் படிக்கலாம் என்று அவை இரண்டாகப் பிளந்து நின்ற நாளில், மேலே உட்கார்ந்து எண்ணிக்கையை அறிவித்தவர் அவர். அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு விஷயம். 138 சமமாக வந்தபோது முதலமைச்சர் ராஜாஜிக்கு ஓட்டு கிடையாது. அவர் தேர்தலில் நிற்காமல், ஆளுநர் ஸ்ரீபிரகாசா நியமித்து, மேலவை வழியாக வந்தவர். மேலவை உறுப்பினர் பேரவையில் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. அந்த நியமனத்தை எதிர்த்து கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார், வழக்கு தள்ளுபடி ஆனது. சட்டப்படி ராஜாஜி ஜெயித்தார். ஆனால் தேர்தலில் நிற்க மறுத்ததற்கு விலை என்னவென்று பார்த்தால், தன் ஆட்சியின் மிக முக்கியமான வாக்கெடுப்பில் தன் திட்டத்துக்குத் தானே கை தூக்க முடியவில்லை.

அந்த 138-ல் தமிழர்கள் மட்டும் இல்லை. ஆந்திரம் பிரிந்தது அக்டோபர் 1-ல். ஜூலையில் தெலுங்கு உறுப்பினர்களும், மலபார், தென் கன்னடத்து உறுப்பினர்களும் அதே அவையில்தான். எங்கள் அப்பாவின் அரை நாளை மீட்டுத் தரக் கை தூக்கியவர்களில் கோதாவரிக்காரரும் இருந்திருப்பார். நம் சுவரில் அவர்களுக்கு இடமே இல்லை.

ஆகஸ்ட் 5, மதியம் 1.30

"தண்டனை பெற்றவரின் படமே இருக்கும்போது ராஜாஜி படத்துக்கு என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஜெயலலிதாவைச் சொல்கிறார். முதலில் தேதிகளை நேராக வைத்துக்கொள்வோம். 2014 செப்டம்பர் 27, சொத்துக் குவிப்பு வழக்கில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் 4 ஆண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2015 மே 11, கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2016 டிசம்பர் 5, மறைந்தார். 2017 பிப்ரவரி 14, உச்ச நீதிமன்றம் மற்ற மூவரின் தண்டனையை உறுதி செய்தது. அவர் இறந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. 2018 பிப்ரவரி 12, சபாநாயகர் தனபால் படத்தைத் திறந்தார். திமுக வரவில்லை. ஆகஸ்ட் 2-ல் கலைஞர் படத்துக்கு அதிமுக வரவில்லை.

இரண்டு கட்சித் தொண்டர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 1989 மார்ச் 25, பட்ஜெட் நாள். அந்தக் கைகலப்பைப் பற்றி இரண்டு கட்சியும் இரண்டு கதை சொல்கின்றன. அன்று முதலமைச்சராக இருந்தவர் கலைஞர், எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா. இன்று இருவர் படமும் ஒரே மண்டபத்தில். அந்த நாள் மட்டும் அங்கே எங்கேயும் இல்லை. 69 சதவீத இடஒதுக்கீட்டைக் காக்க 1993 டிசம்பரில் மசோதா நிறைவேறிய நாளும் இல்லை. 1988 ஜனவரி 28-ல் ஜானகி அம்மாள் நம்பிக்கை வாக்குக் கேட்டபோது போலீஸ் அவைக்குள் நுழைந்து தடியடி நடத்தியதே, அதுவும் இல்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, முகங்கள் மட்டும் இருக்கின்றன. எனக்கு மனசு அடித்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஆகஸ்ட் 5, மதியம் 1.45

அந்த 16-ல் பெண் ஒரே ஒருவர், ஜெயலலிதா. முத்துலட்சுமி ரெட்டி அன்றைய சட்டசபைக்கு வந்தது 1926-ல், துணைத் தலைவரானது 1927-ல். தேவதாசி முறையை ஒழிக்க அந்த அவையில் போராடியவர். 1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியைத் தூக்கிப் போட்டவர். நூற்றாண்டு கொண்டாடுவது அவர் உட்கார்ந்த அந்த அவைக்குத்தான். அவருக்குப் படம் இல்லை என்பது எனக்கு ராஜாஜி படத்தைவிடப் பெரிய வருத்தம்.

ஆகஸ்ட் 6, இரவு 8.50

நூற்றாண்டுக் கணக்கு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 2012 நவம்பர் 30-ல் பிரணாப் முகர்ஜியை அழைத்துப் பேரவைக்கு வைர விழா எடுத்தார் ஜெயலலிதா. வைர விழா என்றால் 60 ஆண்டு, 1952-லிருந்து கணக்கு. 9 ஆண்டு கழித்து இப்போது 100 ஆண்டு, 1921-லிருந்து கணக்கு. இடையில் 1937 கணக்கும் உண்டு, மேலவை, கீழவை என்று இரண்டாகப் பிரிந்தது அப்போதுதான்.

எதை எடுத்துக்கொள்வது? 1921 ஜனவரி 12-ல் கன்னாட் கோமகன் வந்து தொடங்கிவைத்த அவை அது. காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது. சொத்தும் வரியும் உள்ளவனுக்குத்தான் ஓட்டு. ஓட்டுப் போட்டவர்களில் ஒரு பெண்கூடக் கிடையாது. ஆனால் அதே அவை 1921 ஏப்ரலில் பெண்களுக்கு வாக்குரிமை தரத் தீர்மானம் போட்டது. வகுப்புவாரி அரசாணை வந்ததும் அதே ஆண்டு, அந்த நீதிக்கட்சி ஆட்சியில்தான். எல்லோரும் ஓட்டுப் போட்டு வந்த முதல் அவை 1952-ஆம் ஆண்டு அவை. எங்கள் தாத்தா முதன்முதலாக மை வைத்துக்கொண்டது அந்தத் தேர்தலில். விரலைக் கழுவாமல் இரண்டு நாள் வைத்திருந்தாராம்.

கணக்கு 1921 என்றால் நீதிக்கட்சிக்குப் பெருமை, 1952 என்றால் வயது வந்தோர் வாக்குரிமைக்குப் பெருமை. இரண்டுமே நம்முடையவை. ஒரு கட்சி எடுக்கும் விழாவுக்கு இன்னொரு கட்சி வந்து உட்கார மறுப்பதுதான் அசிங்கம்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு, மாலை 5.30

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு மணி நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த விவாதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மண் மிதித்த பகுதி வந்ததும் தலையாட்டினார். சிலேட்டைத் திண்ணையில் வைத்தது வந்ததும், "எதுக்குத் திண்ணையில வச்சேன்னு அத்தைய கேளு" என்றார். இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

அத்தைக்கு 79 வயது. அப்பாவுக்கு மூத்தவர். ஊரில் இருக்கிறார். போனில் பேசினேன்.

அத்தை 1953-க்கு முன்னால் பள்ளிக்கூடம் போனதில்லை. கைக்குழந்தையாக இருந்த சித்தப்பாவை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்த ஆள் அத்தைதான். அந்த ஆண்டு அப்பாவுக்கு அரை நாள் பள்ளி என்றதும், மதியம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் அப்பா இருந்தார். மதிய முறைக்கு அத்தை போனார். வீட்டில் இருந்தது ஒரே சிலேட்டு. அப்பா காலையில் எழுதியதை அத்தை கோவை இலையைக் கசக்கித் துடைத்துவிட்டு எடுத்துக்கொண்டு ஓடுவார். சிலேட்டு ஓரத்தில் மரச்சட்டம் ஒரு பக்கம் இல்லையாம். அந்தப் பக்கம் கையைக் கிழிக்கும் என்று துணி சுற்றியிருந்ததாம். அந்தத் துணியின் நிறம்கூடச் சொன்னார், பச்சை.

"அந்த ஒரு வருசந்தான்டா நான் பள்ளிக்கூடம் போனது. அடுத்த வருசம் பழையபடி முழு நாள் ஆயிடுச்சு. உங்கப்பன் முழு நாளும் போயிட்டான். நான் புள்ளையத் தூக்கிக்கிட்டேன்."

அவர் கையெழுத்துப் போடுவது அந்த ஒரு வருஷப் படிப்பில்தான். பஸ் பலகை படிப்பதும் அதில்தான்.

எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அப்பாவைப் பாதி நாள் மண்ணில் நிறுத்திய அதே திட்டம் அத்தையைப் பாதி நாள் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறது. ராஜாஜி சொன்ன காரணமும் இதுதான்: பள்ளிக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் ஏராளம், கட்டடமும் வாத்தியாரும் இருப்பது கொஞ்சம், காசு இல்லை, ஒரே பள்ளியில் இரண்டு முறை வைத்தால் இரட்டிப்புப் பிள்ளைகளைச் சேர்க்கலாம். இதை நான் நூலகத்தில் படித்தபோது சப்பைக்கட்டு என்று பக்கத்தைத் திருப்பினேன். நோட்டில் ஒரு வரிகூடக் குறிக்கவில்லை.

ஆகஸ்ட் 8, இரவு 10.30

"அப்படியானால் குலக்கல்வியை ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்டவருக்கு: இல்லை. ஒரு நாளும் இல்லை. இரண்டு முறை வகுப்பு வேறு, மீதி நேரம் அப்பன் தொழில் செய் என்று அரசே சொல்வது வேறு. முதலாவது இட நெருக்கடிக்கு வழி. இரண்டாவது, சாதி கட்டிவைத்த வேலிக்கு அரசு முத்திரை. நம் ஊரில் தொழில் என்றால் சாதி. ராஜாஜி அளவுக்குப் படித்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது. குலக்கல்வி என்ற பெயரை எதிர்த்தவர்கள் வைத்தார்கள் என்று அவர் தரப்பார் குறைப்படுகிறார்கள். பெயர் ஒட்டிக்கொண்டதென்றால் பொருந்தியதால்தான்.

அத்தையிடமே கேட்டேன். "3 மணி நேரத்துல என்னத்தச் சொல்லிக் குடுப்பாரு வாத்தியாரு? அவரும் காலையில ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம்னு தொண்டை கிழிஞ்சு கெடப்பாரு" என்றார். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "சோறு போட்டிருந்தா எங்கம்மாவே முழு நாளும் அனுப்பியிருப்பா" என்றார்.

மதிய உணவு 1956-ல் வந்தது. அத்தைக்கு அப்போது 14 வயது.

ஆகஸ்ட் 11, காலை 6.40

தூக்கம் வரவில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

நிபுணர் குழுவுக்கு அனுப்பினார்களே, அந்தப் பருலேக்கர் குழு 1953 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. திட்டம் நல்லது, பட்டணத்துக்கும் விரிவாக்கலாம் என்றது. நிபுணர்கள் ஆமாம் என்றார்கள், ஊர் வேண்டாம் என்றது. சொந்தக் கட்சியே திரும்பி நின்றது. ராஜாஜி விலகினார். தலைவர் தேர்தலில் காமராஜருக்கு எதிராக நிறுத்தப்பட்டவர் சி. சுப்பிரமணியம், ராஜாஜியின் ஆள். தோற்றார். 1954 ஏப்ரல் 13-ல் காமராஜர் முதலமைச்சர் ஆனார். தன்னை எதிர்த்து நின்ற அதே சி.எஸ்.ஸிடம் கல்வித் துறையைக் கொடுத்தார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டதை அறிவித்தது யார்? சி.எஸ்.தான். முதல் வருஷம் திட்டத்துக்காகப் பேசிய வாய், அடுத்த வருஷம் அதற்கு முடிவுரை படித்தது. அவையின் வரலாறு என்று நான் சொல்வது இதைத்தான். ஆட்களை மாற்றாமலேயே முடிவை மாற்ற முடிந்திருக்கிறது.

இந்தி விஷயமும் அப்படியே. 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது ராஜாஜி. அதை எதிர்த்துச் சிறை சென்ற நடராசன் 1939 ஜனவரியில் இறந்தார், தாளமுத்து மார்ச்சில். 1965-ல் இந்தித் திணிப்பை எதிர்த்தவர்களோடு நின்றதும் அதே ராஜாஜி. 1967-ல் அண்ணா ஆட்சியைப் பிடித்த கூட்டணியில் அவருடைய சுதந்திராக் கட்சி இருந்தது. எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகை இருக்கிறது, அண்ணா சாலைப் பக்கம் ராஜாஜி மண்டபம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். அண்ணா, காமராஜர், எம்ஜிஆர், ஜெயலலிதா, கலைஞர் எல்லோர் உடலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது அந்த மண்டபத்துப் படிகளில்தான். ராஜாஜி பெயரை எடுத்துவிட்டால் இவர்களுடைய கடைசி நாளையே பெயர் சொல்லிச் சொல்ல முடியாது.

1939-ல் கோயில் நுழைவுச் சட்டம் கொண்டுவந்ததும் அவர் அரசு. சேலத்தில் மதுவிலக்கு, விவசாயக் கடன் நிவாரணம், இவையும் முதல் ஆட்சியில். 1952-ல் வந்ததும் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். ரேஷன் கெடுபிடி நீங்கியதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கடைசிவரை நன்றியோடு சொன்னார்கள். குலக்கல்வியைத் திட்டிவிட்டு அடுத்த வாக்கியத்தில் அரிசியைச் சொல்வார்கள். முரண்பாடு என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து அழுதார். வாழ்நாள் முழுக்க எதிர்த்தவர். அவருக்கே அது முடிந்தது.

ஆகவே ஆகஸ்ட் 3-ல் போட்ட என் வாக்கைத் திரும்பப் பெறுகிறேன். படம் இருக்கட்டும். ஆனால் அதன் கீழே ஜூலை 29-ம் இருக்க வேண்டும். 138, 138, 139, 137 என்ற நாலு எண். இதற்கு நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 11, இரவு 9.15

"படத்துக்குக் கீழே தோல்வியை எழுதினால் அது அஞ்சலியா, அவமானமா?" என்று கேட்கிறார் ஒரு நண்பர். சும்மா கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறார்.

ஒன்பதாம் வகுப்பில் பள்ளியிலிருந்து கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். காவலர் வந்து கால்மேல் கால் போடக் கூடாது, கைப்பிடியில் சாயக் கூடாது, பேசக் கூடாது என்றார். கீழே யாரோ மானியக் கோரிக்கை மேல் பேசிக்கொண்டிருந்தார், எதுவும் புரியவில்லை. சுவரில் இருந்த படங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ராஜாஜியின் கறுப்புக் கண்ணாடி மட்டும் நினைவில் நிற்கிறது. "சார், இவர் என்ன பண்ணார்?" என்று மெதுவாகக் கேட்டேன். "பெரிய மேதை" என்றார் சார். அவ்வளவுதான். என் அப்பாவின் அரை நாள் இந்த மனிதரோடு சம்பந்தப்பட்டது என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நான் படத்தை வேறு மாதிரி பார்த்திருப்பேன். வெறுத்திருப்பேன் என்று சொல்லவில்லை. பார்த்திருப்பேன்.

அவமானம் என்று எனக்குப் படவில்லை. தன் திட்டம் தோற்கும் நிலையிலும் அவையைக் கூட்டி, விவாதிக்க விட்டு, எண்ண விட்டார் அல்லவா, அதற்கு அதுதான் மரியாதை.

ஆகஸ்ட் 14, காலை 8.00

நேற்று பட்ஜெட் பார்த்தீர்களா? காகிதம் இல்லாத முதல் பட்ஜெட். படித்தது கோட்டையில் அல்ல, கலைவாணர் அரங்கத்தில். கொரோனா இடைவெளிக்காகப் பேரவை அங்கேதான் கூடுகிறது. 16 படங்களும் கோட்டையில் காலி மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

டிவியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பொறி தட்டியது. 1952 மே முதல் 1956 கடைசி வரை பேரவை எங்கே நடந்தது? அரசினர் தோட்டத்தில் புதிதாகக் கட்டிய கட்டடத்தில். அதுதான் பிறகு பாலர் அரங்கம் ஆனது, பிறகு கலைவாணர் அரங்கம். பழைய கட்டடத்தை இடித்துவிட்டு இப்போதிருப்பதைக் கட்டினார்கள். அதாவது 138-க்கு 138 நடந்தது நேற்று பட்ஜெட் வாசித்த அந்த மண்ணில்தான்! கோட்டைச் சுவருக்கு அந்த நாளைப் பற்றி எதுவும் தெரியாது.

அப்படியானால் கல்வெட்டு வைக்க வேண்டிய இடம் படத்தின் கீழ் அல்ல, இங்கே. வாலாஜா சாலைப் பக்கம், உள்ளே நுழையும் இடத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணில் படும்படி. பாலர் அரங்கம் என்று பெயர் வைத்த இடத்தில் பாலர்களுக்காக நடந்த வாக்கெடுப்பை எழுதிவைக்க வேறு காரணம் வேண்டுமா? பேரவைச் செயலகத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.

ஆகஸ்ட் 15, மாலை 4.20

மனுவில் அத்தை கையெழுத்துப் போட்டுவிட்டார். ஊரிலிருந்து தம்பி போட்டோ எடுத்து அனுப்பினான். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, கோட்டுக்கு மேலே நிறுத்தி எழுதியிருக்கிறார். "ர"-வுக்குக் கால் கொஞ்சம் நீளம்.

போனில் ஒரு கேள்வி கேட்டார்: "நம்ம ஊரு மெம்பரு அன்னிக்கு எந்தப் பக்கம் கை தூக்கினாருன்னு அதுல போட்டிருக்கா?"

தொகுதியில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, ஆதரித்தவர்கள் ஒரு பக்கம், எதிர்த்தவர்கள் ஒரு பக்கம். நான்தான் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு பெயர்களை எழுதாமல் வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை நூலகம் போகிறேன். 276 பெயரையும் எழுதிக்கொண்டு வந்து இங்கே போடுகிறேன். கோதாவரிக்காரர் பெயர்களையும் சேர்த்து.